எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் புதுப்பிப்புகளால் நேரும் முடக்கங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். போதிய சோதனை நடத்தப்படவில்லை என்ற ஒற்றைக் காரணத்தோடு கட்டுரை முடிந்துவிட்டது. நான் சோதனைக்கு ஒரு படி முன்னால் உட்கார்ந்திருப்பவள். நிரலர்கள் எழுதிய மூல நிரலை எடுத்து, தேவையான நிரலகங்களை (ஏற்கெனவே எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளை) சேர்த்து, வாடிக்கையாளர் நிறுவிக்கொள்ளும் கோப்பாக ஆக்கித் தருவது என் வேலை. இதைத்தான் பில்டு என்கிறோம். சோதனை நடந்ததா என்று கேட்பதற்கு முன்னால் எங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சோதித்த கோப்பும் வெளியே போன கோப்பும் ஒன்றுதானா? பல அலுவலகங்களில் இதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. பதில் இருக்க வேண்டிய இடங்கள் பதிப்பு எண்ணும், பில்டு நடந்த விதத்தை வரிவரியாகப் பதிந்துவைக்கும் பில்டு லாக்கும். இந்த இரண்டையும் கடைசி நிமிடத்தில் ஒப்புக்குச் செய்யும் காரியமாக வைத்திருக்கிறோம்.

கட்டுரை குறிப்பிட்ட 2024 ஜூலை 19 முடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இது மைக்ரோசாப்ட் சொன்ன மதிப்பீடு. எச்சரிக்கையான நிர்வாகிகள் சிலர், புதிய பதிப்பை உடனே ஏற்காமல் ஒன்றிரண்டு பதிப்புகள் பின்தங்கியே இருக்கும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அவர்களும் தப்பவில்லை. அந்த ஏற்பாடு மென்பொருளின் பதிப்பை மட்டுமே கட்டுப்படுத்தியது. அன்று வந்ததோ 291 என்ற எண்ணுள்ள தரவுக் கோப்பு. கெட்ட கோப்பையும் திருத்திய கோப்பையும் பிரித்தறிய நிர்வாகிகளுக்குச் சொல்லப்பட்ட அடையாளம் என்ன தெரியுமா? நேரம். யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி 04:09 என்றிருந்தால் கெட்டது, 05:27 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் நல்லது. கணினி விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கும் வேளையில் மணியைப் பார்த்து நல்லது கெட்டது பிரித்தறிய வேண்டிய நிலை. சோதனைக் குறைபாடு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பதிப்பு எண்ணின் காவலுக்கு வெளியே ஒரு வாசல் திறந்திருந்ததைக் கட்டுரை தொடவே இல்லை.

இது புதிய தொல்லையும் இல்லை. பில்டுக் கருவிகளின் முன்னோடியான மேக் (make), 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அதற்கான காரணத்தை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உடன் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் கோபத்தோடு அவர் அறைக்குள் வந்தார். சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடிக் காலைப்பொழுதைத் தொலைத்திருந்தார் ஜான்சன். பிழையை ஏற்கெனவே திருத்தியாயிற்று. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்ய, அதாவது கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றத்தான் மறந்துவிட்டது. அதனால் ஓடிக்கொண்டிருந்தது பழைய சரக்கு. கையில் இருப்பது எது என்று தெரியாமல் போனதில் பிறந்த கருவி அது. இத்தனை ஆண்டுகளாகியும் அதே கேள்வியில் நாங்கள் இடறிக்கொண்டிருக்கிறோம்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர், 2.3.0 பதிப்பில் திருத்திவிட்டதாகச் சொன்ன பிழை தன்னிடம் அப்படியே இருக்கிறது என்று எழுதினார். எங்கள் கணினியில் அதே 2.3.0 ஒழுங்காக ஓடியது. உதவிப் பிரிவினர் வழக்கமான மந்திரத்தைச் சொன்னார்கள்: அழித்துவிட்டு மீண்டும் நிறுவுங்கள். அவர் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்த கோப்பிலிருந்தே மீண்டும் நிறுவினார், பிழை போகவில்லை. கடைசியில் இரு தரப்புக் கோப்புகளுக்கும் ஷா-256 என்ற, கோப்பின் கைரேகை போன்ற அடையாளத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது அது முதல் எழுத்திலிருந்தே வேறுபட்டது. நடந்தது இதுதான்: வெளியிட்ட மறுநாள் யாரோ ஒருவர் ஒரு வரியைத் திருத்தி, மறுபடி பில்டு செய்து, அதே எண்ணில் சர்வரில் ஏற்றிவிட்டார். சின்ன மாற்றம்தானே என்பது அவர் வாதம். எண்ணுக்கு என்ன பஞ்சம்? 2.3.1 சும்மாதானே கிடந்தது? மாத்திரை அட்டையில் தொகுதி எண்ணை அப்படியே வைத்துவிட்டு உள்ளே மருந்தை மாற்றினால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

வெளியே போன எண் போனதுதான். அதில் இன்னொரு பொருளை வைக்கக் கூடாது. கெட்ட வெளியீடாக இருந்தாலும் அந்த எண்ணைத் திரும்பப் பயன்படுத்தாமல் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். பில்டுக் கருவிகளுக்கு இந்த வேறுபாடு தெரியும். மேவன் கருவியில் ஸ்னாப்ஷாட் என்று முடியும் பதிப்பு, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று அறிவிப்பதற்காகவே வைத்தது. உருவாக்கும் நாட்களில் அது வசதி. அதை நம்பி ஒரு வெளியீட்டைக் கட்டினால், இன்று கட்டியதும் நாளை கட்டியதும் ஒரே பெயரில் வெவ்வேறு பொருளாகிவிடும். மென்பொருளை அது ஓடத் தேவையானவற்றோடு பொதிந்து தரும் டாக்கர் படிமங்களில், லேட்டஸ்ட் என்ற டேக்கும் (பதிப்பைக் குறிக்க ஒட்டும் பெயர்) இப்படித்தான். பெயரைப் பார்த்துக் கடைசியாக வந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். வேறு டேக் எழுதாதபோது வந்து ஒட்டிக்கொள்ளும் பெயர், அவ்வளவே.

மூன்று எண் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பொருந்தாத மாற்றம் வந்தால் முதல் எண், புது வசதி வந்தால் இரண்டாவது, பிழைத் திருத்தம் மட்டும் என்றால் மூன்றாவது ஏறும். டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதி வைத்த விதிகள் இவை. ஏறும் எண் ஒரு வாக்குறுதி. வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பது வேறு விஷயம். கணினி அறிஞர் டொனால்ட் கனூத் தன் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு எண் கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை என்ற கணித மாறிலியின் இன்னோர் இலக்கம் சேரும். 2021இல் அது 3.141592653 ஆனது. அந்த எண்ணைப் பார்த்தால் புது வசதி எதையும் எதிர்பார்க்கத் தோன்றாது. எங்கள் மேலாளர்களிடம் அந்த முறையைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

எண்ணை எழுதுவதிலும் கண்ணி இருக்கிறது. பில்டு அமைப்புக் கோப்புகள் பல யாமல் என்ற எளிய உரை வடிவில் எழுதப்படுகின்றன. பைத்தான் நிரல் மொழியின் பதிப்பு 3.9 என்று எழுதியிருந்த வரியை, 3.10 வந்ததும் ஒருவர் 3.10 என்று மாற்றுகிறார். மேற்கோள் குறி போடவில்லை. யாமல் அதைப் பதின்ம எண்ணாகப் படிக்கிறது. கடைசிச் சுழியத்துக்கு மதிப்பில்லாததால் அது 3.1 ஆகிவிடுகிறது. 3.1 என்பது 2009இல் வந்த பழைய பைத்தான். அப்படியொரு பதிப்பு கிடைக்கவில்லை என்று பில்டு நிற்கிறது. எழுதியவர் திரையில் 3.10 என்பதை வெறித்துப் பார்க்கிறார். பதிப்பு எண் கணக்கு எண் கிடையாது, எழுத்துச் சரம். எழுத்தாகவே வரிசைப்படுத்தினாலும் விடிவு இல்லை; அகர வரிசையில் 1.10 போய் 1.9க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். புள்ளிகளில் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஒப்பிட வேண்டும்.

இனி லாக். பில்டு தோற்ற மறுநாள் காலையில் ஆயிரக்கணக்கான வரிகளில் தலையைப் பிய்த்துக்கொள்பவரைக் கேட்டுப் பாருங்கள், அது யாருக்காக எழுதப்படுகிறது என்று. எழுதியவருக்காக என்பார். மேக் தான் இயக்கும் ஒவ்வொரு கட்டளையையும் திரையில் எதிரொலிக்கும். வேண்டாத வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டு வாயடைக்க வேண்டும். மேவன், இணையத்திலிருந்து இறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னேற்றத்தைச் சொல்லிக்கொண்டே போகும். அதை நிறுத்தும் வசதி 2019இல் வந்த 3.6.1 பதிப்பில்தான் கிடைத்தது. கிரேடில் என்ற இன்னொரு பில்டுக் கருவி, லாக் எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆறு நிலைகளை வைத்திருக்கிறது. கேட்காவிட்டால் பணிகளின் போக்கை மட்டும் காட்டிவிட்டு அடக்கமாக இருக்கும். இந்த அடக்கம்தான் சரி என்பது என் கட்சி. திரைக்கு ஒரு நிலை, கோப்புக்கு ஒரு நிலை. வெற்றி பெற்ற பில்டு திரையில் நாலு வரியோடு முடியட்டும். முழு விவரமும் கோப்பில் கிடக்கட்டும், தோற்றால் தேடிக்கொள்ளலாம்.

எச்சரிக்கை வரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பில்டிலும் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வந்தால், யாரும் எதையும் படிப்பதில்லை. புதிதாக வந்த ஒன்று பழைய கூட்டத்தில் ஒளிந்துகொள்கிறது. இருக்கும் எச்சரிக்கைகளைத் தீர்த்துவிட்டு, இனி வருவதைப் பிழையாகவே கருதும்படி, கம்பைல் செய்யும் கருவியான கம்பைலரிடம் சொல்லிவிடுவது கடினமான வழிதான். வேறு வழி எனக்குத் தெரிந்து நிலைத்ததில்லை.

இன்னொரு பழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுவது. லாக்கைத் திரையிலும் கோப்பிலும் ஒரே நேரத்தில் எழுத, பில்டு கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறி (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கடத்தும் குறி) போட்டு 'டீ' என்ற கட்டளைக்குள் அனுப்புவார்கள். கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல்லின் இயல்பு, குழாயின் கடைசிக் கட்டளை தேறினால் முழு வரியும் தேறியதாக எடுத்துக்கொள்வது. 'டீ' எப்போதும் தேறிவிடும். கொடுத்ததை எழுதிவைப்பதுதானே அதன் வேலை. ஆகவே பில்டு மண்ணைக் கவ்வினாலும் பச்சை விளக்கு எரியும். லாக்கில் தோல்வி என்று தெளிவாக எழுதியிருக்கும், மேலே பச்சை. பைப்ஃபெயில் என்ற ஒரு விருப்பத்தை இயக்கினால் தீர்ந்தது. லாக்கைச் சேமிக்கச் செய்த ஏற்பாடே லாக்கைப் பொய்யாக்குவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்துவிட்டேன்.

அதிகம் எழுதும் லாக் ஆபத்தும்கூட. மிக விரிவான நிலையில் கடவுச்சொற்களும் சாவிகளும் வெளிப்படக்கூடும் என்று கிரேடிலின் ஆவணமே எச்சரிக்கிறது. 2025 மார்ச்சில் லாக், பதிப்பு என்ற இரண்டு பலவீனங்களும் ஒரே தாக்குதலில் கைகோத்தன. நிரலர்கள் மூல நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 23,000க்கும் மேற்பட்ட நிரல் களஞ்சியங்கள், எந்தக் கோப்புகள் மாறின என்று கண்டறியும் சிறு பில்டுக் கருவி ஒன்றைப் பயன்படுத்தி வந்தன. அதற்குள் புகுந்தவர்கள் புதிய பதிப்பு எதையும் வெளியிடவில்லை. ஏற்கெனவே இருந்த பதிப்பு டேக்குகளை நகர்த்தி, தங்கள் தீய கமிட்டை (களஞ்சியத்தில் பதிந்த நிரல் மாற்றத்தை) சுட்டும்படி செய்தார்கள். பழைய எண்ணை நம்பியிருந்தவர்களின் பில்டுகளில் அந்த நிரல் ஓடி, இரகசியச் சாவிகளைத் திரட்டி, பில்டு லாக்கிலேயே எழுதிவைத்தது. பொதுக் களஞ்சியங்களின் லாக்கை எவரும் திறந்து படிக்கலாம். சாவிகளை மறைக்கும் வடிகட்டிக்குச் சிக்காதபடி உருமாற்றித்தான் எழுதியது. பதிப்பு டேக்குக்குப் பதிலாக கமிட்டின் முழு அடையாளத்தை எழுதி வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. டேக்கை நகர்த்தலாம், கமிட்டின் அடையாளத்தை நகர்த்த முடியாது.

2021 டிசம்பரில், ஜாவா மென்பொருள்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நிரலகத்தில் பெரிய ஓட்டை தெரியவந்தபோதும் முதல் கேள்வி, நம்மிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்பதுதான். 2.14.1 வரை ஆபத்து. 2.15.0 வந்தது, போதவில்லை. 2.16.0, 2.17.0, 2.17.1 என அதே மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்தன. ஜாவா நிரல்களைப் பொதிந்து வைக்கும் ஒரு ஜார் கோப்புக்குள் இன்னொரு ஜார் என்று அந்த நிரலகம் புதைந்துகிடந்ததால் கோப்புப் பெயரைத் தேடி மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. பில்டு நடக்கும்போதே எந்த நிரலகம், எந்தப் பதிப்பு என்று பட்டியலிட்டு வைத்திருந்தவர்கள் பட்டியலைத் திறந்தார்கள். மற்றவர்கள் சர்வர் சர்வராகத் தோண்டினார்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. பில்டு லாக்கின் தலைப்பில் மூல நிரலின் கமிட் அடையாளமும், சேமிக்காத மாற்றங்கள் ஏதும் கலந்திருக்கிறதா என்பதும், பில்டுக் கருவியின் சொந்தப் பதிப்பும், சேர்த்த நிரலகங்களின் உண்மையான பதிப்புகளும், யுடிசி நேரமும் இருக்க வேண்டும். கடைசி வரியில் விளைந்த கோப்பின் ஷா-256. அதே கமிட் அடையாளம் மென்பொருளுக்குள்ளும், பயனர் எட்டிப் பார்க்கும் இடத்தில், இருக்க வேண்டும். பில்டு நடந்த நேரத்தை மட்டும் பொருளுக்குள் பதிக்காதீர்கள் என்று என் சக பணியாளர்களிடம் மன்றாடுகிறேன். அப்படிப் பதித்தால் ஒரே நிரலை இரண்டு முறை கட்டினாலும் கோப்புகள் ஒத்துப்போகாது. ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வழி அடைபட்டுவிடும். நேரம் வேண்டுமென்றால் கமிட்டின் நேரத்தைப் பதியுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போன்ற திட்டங்கள் இதற்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்து, யார் கட்டினாலும் பைட்டுக்கு பைட் ஒரே கோப்பு வரும்படி தங்கள் தொகுப்புகளைத் திருத்தி வருகின்றன.

பத்திரிகைகளிடமும் ஒரு வேண்டுகோள். புதுப்பிப்பால் கோளாறு என்று செய்தி வெளியிடும்போது எந்தப் பதிப்பில் பிழை, எந்தப் பதிப்பில் திருத்தம் என்று எழுதுங்கள். வாசகர் தன் கருவியில் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு எண்கள் போதும். நிறுவனத்தின் அறிக்கையில் எண் இல்லையென்றால் கேளுங்கள். கேட்டும் தரவில்லையென்றால், பதிப்பு எண்ணை நிறுவனம் தெரிவிக்கவில்லை என்று செய்தியிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பில்டுப் பொறியாளர்