கொட்டகை மெஷினைக் காப்பாற்றி, ஊரில் மறுபடி படம் காட்ட ஒரு கை கொடுங்கள்

திருகோணமலை உறவுகளுக்கும், பிழைப்புக்காக வெளிநாடு போய்விட்ட நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அப்பா டிக்கெட் கிழிப்பார், மூத்த மகன் மெஷின் அறையில் வேர்த்து வழிவார், அம்மா இடைவேளைக்குக் கச்சான் சுருள் சுற்றி வைப்பார். ஒரு குடும்பமே சேர்ந்து நடத்திய அந்தப் படக்கொட்டகை பூட்டிப் பல வருடமாகிவிட்டது. கலரியில் இடத்துக்கு அடிபட்டவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டார் தங்கள் 35 மில்லிமீட்டர் புரொஜெக்டரை ஒரு சதமும் வாங்காமல் எங்கள் குழுவிடம் தந்திருக்கிறார்கள். உப்புக் காற்றில் பல்சக்கரங்கள் துருவேறிவிட்டன. மற்றபடி உடம்பு திடம்.

இரண்டு கரிக்கோல்களுக்கு நடுவே எரியும் வெளிச்சத்தில்தான் அது படம் காட்டியது. கோல் தேயத் தேய நெருக்கி வைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கலரியிலிருந்து விசில் பறக்கும். நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம். மூன்று மணி நேரப் படம் என்றால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்!

சரி, திருத்தி என்ன செய்வது? அதற்குப் போட இனி ஃபிலிம் கிடைப்பது அரிது. ஆகவே அதைப் பார்வைக்கு வைத்துவிட்டு, ஒரு டிஜிட்டல் புரொஜெக்டர் வாங்கித் திறந்தவெளியில் படம் காட்டப் போகிறோம். வாகனத்தில் இருந்தபடியே பார்க்கலாம். அமெரிக்காவின் கேம்டன் நகருக்குப் பக்கத்தில் 1933 ஜூன் 6ஆம் திகதி ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் திறந்த டிரைவ்-இன் மாதிரி. அவரும் முதலில் வீட்டு மரங்களில் துணி கட்டி, கார் பொனெட்டில் புரொஜெக்டரை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தார். நம்மூரில் கார் குறைவு. ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் நிற்கட்டுமே. பாய் விரித்து உட்காருகிறவர்கள் முன்னால்.

2013, 2014 அளவில் ஃபிலிம் பிரதிகள் வருவது நின்றுபோக, அமெரிக்காவின் சிற்றூர்களில் குடும்பங்கள் நடத்திய டிரைவ்-இன்கள் டிஜிட்டலுக்கு மாற வழியில்லாமல் தவித்தன. சிலவற்றை ஊர்ச்சனமே காசு சேர்த்துக் காப்பாற்றியது. அந்தத் துணிவில்தான் நாங்களும் கேட்கிறோம்.

திரைக்குத்தான் செலவு அதிகம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு (கொறிக்கிற கச்சான் இல்லை) வெறும் துணி நிற்காது, இரும்புச் சட்டம் வேண்டும். மாரி ஓய்ந்தபின் பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர்வரை மாதம் ஒரு காட்சி, கட்டணமில்லை.

எல்லாமாக 9 இலட்சம் ரூபாய் தேவை. 500 ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். குழுவின் வங்கிக் கணக்கில் போடலாம், பொருளாளர் கையில் கொடுக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கு மாதா மாதம் கொட்டகை வாசலில் ஒட்டப்படும்.

வெல்டிங் தெரிந்தவர்கள் இரண்டு நாள் உழைப்பைத் தந்தாலும் போதும். பழைய டிக்கெட், பட நோட்டீஸ், கொட்டகை வாசலில் எடுத்த படம் ஏதும் பெட்டியில் கிடந்தால் தாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.

மெஷின் ஓட்டிய அண்ணருக்கு இப்போது கண் மங்கல். ஆனாலும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் சிக்குகிறதென்று சொல்கிறார். சனிக்கிழமை காலையில் வந்தால் அவரைச் சந்திக்கலாம். வரும்போது வெற்றிலை கொண்டுவாருங்கள், அப்போதுதான் கதை நீளும்.

இப்படிக்கு,
கொட்டகை மீட்புக் குழுவினர்