அம்மிணிக்கு, பட்டறையிலிருந்து

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. அமிச்சி நேற்றும் உன்னைக் கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது, போன் வந்தது, நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் நிறையக் குடி.

நீ கேமராவை அணைத்துவிட்டுப் பேச ஆரம்பித்ததிலிருந்து உன் அம்மா குரலை வைத்தே உன் எடையைக் கணக்குப் போடுகிறாள். நான் அதைக் கேட்க எழுதவில்லை. வேறு ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நிலவுக்குப் போன அப்போலோ 13 விண்கலம் பற்றி உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்? 1970 ஏப்ரலில் எனக்கு 10 வயது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. மேலே மாட்டிக்கொண்ட மூன்று பேருக்காக மேற்கு வீட்டுப் பாட்டி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அவர்களின் தலைவர் லவல் 2025 ஆகஸ்டில் 97 வயதில் இறந்தார் என்று பேப்பரில் பார்த்தேன். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். பட்டறையில் முன்போல வேலை இல்லை, நேரம் இருக்கிறது.

எல்லாரும் அந்தக் கரியமில வாயு டப்பாவைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். பெரிய விஷயம்தான். தாய்க் கலத்தின் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்ததும் மூவரும் நிலவில் இறங்குவதற்காக வைத்திருந்த சின்னக் கலத்துக்குள் ஒண்டிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு 45 மணி நேரத்துக்கென்று செய்த கலத்தில் மூன்று பேர் ஏறக்குறைய நான்கு நாள். விடும் மூச்சே விஷமாகிறது. அதைச் சுத்தம் செய்யும் டப்பாக்கள் தாய்க் கலத்தில் நிறைய இருந்தன. ஆனால் அவை சதுரம், சின்னக் கலத்தின் வாய் வட்டம். தரையில் ஸ்மைலி என்பவரின் குழு, மேலே என்னென்ன இருக்கிறதோ அதை மட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டது. பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, விண்வெளி உடுப்பின் குழாய், ஒட்டும் நாடா. கீழே ஒன்றைச் செய்து, வேலை செய்கிறதா என்று பார்த்தபிறகே, எப்படி ஒட்டுவது என்று வாயால் சொல்லிச் சொல்லி மேலே செய்யவைத்தார்கள். நம் பட்டறையில் என்றால் நான் முதல் தடவையே ஒட்டிப் பார்த்திருப்பேன்.

பிரச்சினையை எழுது, கையில் இருப்பதை எழுது, மாதிரி செய், சோதி, திருத்து என்று நீ கல்லூரி நாளில் சுவரில் ஒட்டிய தாள் இன்னும் உன் அறையில் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவனிடம் அதைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். நம் வீதியில் ஜெர்மனியில் டிசைன் செய்கிறவள் நீ ஒருத்திதான். மோட்டாரைக் கொண்டுவந்து போடுகிறவனிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. அவ்வளவு படித்தவளுக்கு வீட்டுக்கு நாலு வரி எழுத முடியவில்லை, அது வேறு கதை.

மேலே தண்ணீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லி என்று அளந்தார்கள். மூவரில் ஒருவரான ஹெய்ஸுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடுதான் கடலில் இறங்கினார். அவர்களுக்கு வேறு வழியில்லை. உனக்கு என்ன? தண்ணீர் குடி.

வெடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கீழே சொல்லிவிட்டார்கள், இங்கே ஒரு பிரச்சினை என்று. என்ன பிரச்சினை என்று அவர்களுக்கே தெரியாது. சொன்ன பிறகுதான் தாள், பை, நாடா எல்லாம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வெடித்த அந்தத் தொட்டிதான். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சோதனையில் அதிலிருந்த ஆக்ஸிஜன் வடியவில்லை. உள்ளே இருந்த ஹீட்டரை 8 மணி நேரம் போட்டு ஆவியாக்கினார்கள். 27 டிகிரி ஆனதும் ஹீட்டரை நிறுத்தவேண்டிய சுவிட்ச் 28 வோல்ட்டுக்குச் செய்தது. தரையில் கொடுத்ததோ 65 வோல்ட். காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டது. நம் ஸ்டார்ட்டரில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! உள்ளே சில இடங்களில் 500 டிகிரியைத் தாண்டி, வயர்மேல் இருந்த உறை கருகிவிட்டது. வெளியே வெப்பம் காட்டும் மானியைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் இருந்தார். அதன் முள் 27-க்கு மேல் போகாது. அப்படித்தான் அதைச் செய்திருந்தார்கள். உள்ளே வயர் வேக, வெளியே 27.

உன் குறுஞ்செய்தியைத் தினமும் பார்க்கிறேன். 'நலம் அப்பா'. போன மாதமும் அதுதான், நேற்றும் அதுதான்.

அந்த மானியைச் செய்தவன் நான்தான், அம்மிணி. இரண்டாம் ஆண்டில் கணக்கில் அரியர் விழுந்தது என்று பட்டறை வாசலில் வந்து நின்றாய். நான் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. பதினொரு நாள் உன்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் சாப்பிடும்போது, இனி இந்த வீட்டுக்கு நல்ல செய்தி மட்டும் வந்தால் போதும் என்றேன். அதற்குப் பிறகு நல்ல செய்தி மட்டும்தான் வந்தது. அம்மாவிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன், பார்த்தாயா, திட்டினால்தான் திருந்துகிறாள் என்று.

அந்த மாதம் பம்ப் கம்பெனி எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஆர்டரை நிறுத்திவிட்டது. உன் கல்விக் கடனுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்கு இன்றும் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும்.

முருங்கை இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. மாமா ஊறுகாய் அனுப்பச் சொல்கிறார். அங்கே அனுமதிப்பார்களா?

இரவு 11 மணி வரை பட்டறையில்தான் இருக்கிறேன். அதற்குள் அம்மா தூங்கிவிடுவாள். போனை அந்தப் பழைய ஸ்டூல்மேல் வைத்திருப்பேன். கேமரா வேண்டாம், பேசினால் போதும்.

அப்பா