பத்து நாவல்கள், ஒரே கதை

அன்புள்ள ராகவன்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்த செய்தியைப் படித்து வீடே மகிழ்ந்தது. நிச்சயதார்த்தத்துக்கு இருவரும் முதல் நாளே வந்துவிடுகிறோம்.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஸ்வீடனின் மார்ட்டின் பெக் துப்பறியும் நாவல்களில் மூழ்கிக் கிடக்கிறேன். மாய் ஷோவால், பேர் வாலூ என்ற இணையர் எழுதியவை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவில் ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுவார்களாம். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள். பத்தும் சேர்ந்து ஒரே கதை என்பதுதான் அவர்கள் திட்டம்.

முதல் நாவல் 'ரோசன்னா'. மோட்டாலாவில் கால்வாயைத் தூர்வாரும்போது சேற்றோடு ஒரு பெண்ணின் உடல் மேலே வருகிறது. அவள் யாரென்று தெரியவே மாதங்கள் ஓடிவிடுகின்றன. அமெரிக்கச் சுற்றுலாப் பயணி என்று தெரிந்ததும், அவள் வந்த சுற்றுலாப் படகில் உடன் வந்தவர்களை நாடு நாடாகத் தேடி, அவர்கள் எடுத்த புகைப்படங்களைக் கேட்டு வாங்குகிறார்கள். யார் யாரோ நினைவுக்காக எடுத்த படங்களில் அவள் முகத்தைத் தேடுகிறார் போலீஸ் அதிகாரி பெக். துரத்தல் கிடையாது, பாதி நாவல் பதில் வரக் காத்திருப்பதுதான். அந்தக் காத்திருப்பு எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது! பெக் மேதை அல்ல. சளி, வயிற்றுக் கோளாறு, ஒட்டாத இல்வாழ்க்கை, ஓய்வு நேரத்தில் கப்பல் மாதிரிகள். ஆனால் பிடித்த துப்பை விடாத மனிதர்.

ஒன்று சொல்கிறேன், வரிசை மாற்றிப் படிக்காதே. புகழ்பெற்றது நான்காவதுதான், 'சிரிக்கும் போலீஸ்காரன்'. எல்லோரும் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஸ்டாக்ஹோம் பஸ் ஒன்றில் பயணிகள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். இறந்தவர்களில் ஒருவர் பெக்கின் குழுவில் இருந்த இளைஞர் ஸ்டென்ஸ்ட்ரோம். 'ரோசன்னா'விலிருந்தே அவரோடு பழகியவர்களுக்கு அது வீட்டில் விழுந்த சாவு. நேராக நான்காவதுக்குப் போகிறவனுக்கு அவர் வெறும் பெயர்.

எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொள்ளும் என்று உலகம் மெச்சிய நாட்டில் கைவிடப்பட்டவர்கள் யார் என்று இந்த எழுத்தாளர்கள் விடாமல் கேட்கிறார்கள். பின்வரும் நாவல்களில் அந்தக் கோபம் சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டுப் பேசுகிறது. அதையும் நான் விரும்பியே படித்தேன்.

முதல் மூன்றையும் நிச்சயதார்த்தத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன். கல்யாண வேலைக்கு நடுவே எங்கே படிப்பது என்பாய். எடுத்து வை, இரவில் பத்துப் பக்கம் போதும்.

அன்புடன்,
மூர்த்தி