எஃப்ஓவி ஸ்லைடரைத் திருப்பித் தாருங்கள்: எங்கள் கேமை உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். எந்த கேம், எந்த அப்டேட் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கடைசி அப்டேட்டில் எதை எடுத்தீர்கள் என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வீடியோ செட்டிங்ஸில், பிரைட்னஸுக்கு அடுத்த வரியில் பார்வைக் கோணத்துக்கு, அதாவது எஃப்ஓவிக்கு, ஒரு ஸ்லைடர் இருந்தது. கேமின் உலகம் எத்தனை டிகிரி அகலத்துக்குத் திரையில் தெரிய வேண்டும் என்பதை அதில் நாமே வைத்துக்கொள்ளலாம். என்னுடையது இரண்டு வருடமாக 100-ல் நின்றது. இப்போது ஸ்லைடரும் இல்லை, 100-ம் இல்லை. எல்லோருக்கும் 70, அதுவும் பூட்டுப் போட்ட 70. கேட்டால், எல்லோருக்கும் ஒரே மாதிரியான சினிமா அனுபவம் வேண்டுமாம்.

அந்த ஸ்லைடரைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மூன்றாவது மிஷனில் ஒரு வட்டப் படிக்கட்டு வருமே, அதைப் பற்றிச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஓடிக்கொண்டே ஏறுவேன். இப்போது முதல் சுற்றிலேயே சுவர் முகத்தில் வந்து ஒட்டுகிறது. பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் மவுஸை வலதும் இடதுமாக வெட்டி வெட்டித் திருப்ப வேண்டியிருக்கிறது. நடைக்கு ஏற்ப தலை ஆடுவதை வேறு நிறுத்த முடியாது, அதற்கும் நீங்கள் சுவிட்ச் வைக்கவில்லை. இரண்டாம் மாடி வருவதற்குள் காதுக்குப் பின்னால் குளிர்ந்த வியர்வை. வாயில் எச்சில் ஊறுகிறது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அசையாத ஒரு பொருளாகப் பார்த்துக் கண்ணை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆட ஆரம்பித்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது.

சரி, நாமே வழி கண்டுபிடிப்போம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். சுவரில் முதுகு இடிக்கும்வரை தள்ளினேன். நம்பினால் நம்புங்கள், குமட்டல் குறைந்தது. ஆனால் அங்கிருந்து மவுஸ் எட்டவில்லை. மடியில் ஒரு பலகையை வைத்து மவுஸை அதில் வைத்தேன். கை எட்டியது, மூலையில் எத்தனை தோட்டா மிச்சம் என்று காட்டும் எண் தெரியவில்லை. தோட்டா தீர்ந்தது தெரியாமல் வெறும் துப்பாக்கியை எதிரியின் முகத்துக்கு நேரே சொடுக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் சினிமா அனுபவத்தில் எனக்குக் கிடைத்த நகைச்சுவைக் காட்சி அது ஒன்றுதான்.

நாற்காலியைத் தள்ளினால் ஏன் குறைகிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்குப் புதிதல்ல. 24 இன்ச் மானிட்டரை 60 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால், திரை நம் கண்ணில் கிட்டத்தட்ட 48 டிகிரியை அடைத்துக்கொள்கிறது. 55 இன்ச் டிவியை இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் 27 டிகிரிதான். டிவிக்கு முன்னால் சோபாவில் இருப்பவருக்கு 70 சரியாகவே இருக்கலாம். அதே 70-ஐ மேசையில் முகத்துக்கு நேரே வைத்தால் பைனாகுலரைக் கண்ணில் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரிதான். கண் ‘வேகமாகத் திரும்புகிறோம்’ என்கிறது, உள்காது ‘இல்லையே, சும்மா உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. இரண்டுக்கும் நடக்கும் சண்டையில் அடிபடுவது வயிறு. ஆளுக்கு ஆள் திரையும் தூரமும் வேறு, வயிறும் வேறு. அதனால்தான் அது ஸ்லைடராக இருந்தது.

இதை உங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பித்தேன். என் உள்காதுக்கு இன்னும் டிரைவர் வரவில்லை.

அகலமாக வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 100-க்கு நான் வந்ததே தட்டுத் தடுமாறித்தான். முதலில் 90. ஒரு கதவுக்கு முன்னால் நின்று சட்டென்று திரும்பிப் பார்ப்பேன், பிறகு ஐந்து ஐந்தாக ஏற்றுவேன். 110-ல் திரையின் ஓரத்தில் கதவு நிலை ரப்பர் போல இழுபட்டது. தூரத்து ஜன்னலில் நிற்பவன் எறும்பானான். தட்டையான திரையில் கோணம் கூடக்கூட ஓரம் நீளும், நடு சுருங்கும். 90-ல் நடுவில் தெரிகிற உருவம் 120-ல் 58 சதவீதம்தான். குறி பார்த்துச் சுடுபவருக்கு அது பெரிய நஷ்டம். பக்கத்தில் வருபவன் தெரிய வேண்டுமா, தூரத்தில் நிற்பவன் பெரிதாகத் தெரிய வேண்டுமா என்பது ஒவ்வொருவரும் தனக்குத் தானே செய்துகொள்கிற பேரம். 100-ல் என் பேரம் படிந்தது. இன்னொருவருக்கு 85-ல் படியும். நீங்கள் எங்கள் எல்லோர் சார்பிலும் 70-ல் முடித்துவிட்டீர்கள்.

சமநீதிக்காக என்று ஒரு காரணம் சொல்கிறீர்கள். ஒருவர் அகலமாகப் பார்த்தால் மற்றவருக்கு அநியாயமாம். ஸ்லைடர் எல்லோருக்கும் இருந்தால் அதில் என்ன அநியாயம்? இப்போதுதான் அநியாயம். உங்கள் கேம் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கவாட்டில் விரிகிறது. அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் இருக்கும் வழக்கமான திரையில் 70 என்றால், அதைவிட அகலமான 21:9 திரையில் அது தானாகவே 85 ஆகிவிடுகிறது. அகல மானிட்டர் வாங்கியவருக்கு 15 டிகிரி இலவசம். இதற்குப் பெயர் சமநீதியா?

போட்டி கேம்கள் சிலவற்றில் கோணத்தைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவில் பூட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வாலரண்டில் 103. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் பழைய 4:3 திரைக் கணக்குக்கு 90, அது 16:9-ல் 106. பூட்டுவதானால்கூட மனிதன் மூச்சுவிட இடம் விட்டுத்தான் பூட்டுகிறார்கள். கோணம் கூடினால் வரைய வேண்டிய பொருள்கள் கூடும், டிவியில் இணைத்து ஆடும் கன்சோலில் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) விழும் என்பது உங்கள் இன்னொரு காரணம். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் 2021-ல் வந்த ஹேலோ இன்ஃபினிட் என்ற கேம் கன்சோலிலேயே 120 வரை விட்டது. ஃப்ரேம் குறையும் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள், முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். 1996-ல் வந்த குவேக் என்ற கேமில் கட்டளை தட்டும் பெட்டியைத் திறந்து ஒரு கட்டளையும் ஓர் எண்ணும் தட்டினால் கோணம் மாறிவிடும். அதற்கப்புறம் எத்தனையோ முன்னேறிவிட்டோம். இது மட்டும் பின்னால் நடக்கிறது.

முன்னேற்றம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதே அப்டேட்டில் துப்பாக்கிக்குப் புதிதாகப் பூச்சுகள் வந்திருக்கின்றன, எல்லாம் காசுக்கு. ஒன்றில் துப்பாக்கி முழுக்கப் பாம்புச் செதில். புல் அடர்த்திக்கு ஐந்து நிலை, நிழலுக்கு ஐந்து நிலை, தலைமுடிக்குத் தனி செட்டிங். கடைப் பொத்தான் ஒவ்வொரு மெனுவிலும் மின்னுகிறது. நான் பார்க்கவே முடியாத எதிரியின் தலைமுடி எவ்வளவு அழகாக அசைய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை உண்டு. அவனைப் பார்க்கும் கோணத்தைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை. 70-ல் துப்பாக்கி பாதித் திரையை அடைத்துக்கொண்டு நிற்பது பூச்சுகளை நன்றாகக் காட்டத்தானோ என்றுகூட ஒரு சந்தேகம். வேண்டாம், அந்தச் சந்தேகத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

கோபம் வந்துவிட்டது, மன்னியுங்கள். உங்கள் கேம் பிடித்திருப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பிடிக்காததை அழித்துவிட்டுப் போயிருப்பேன்.

பணிவுடன் கேட்கிறேன்: அந்த ஸ்லைடரைத் திருப்பித் தாருங்கள். 70 முதல் 110 வரை போதும், 120 கொடுத்தால் மகிழ்ச்சி. கணினிக்கும் கன்சோலுக்கும் சேர்த்தே கொடுங்கள். கூடவே அந்த எண் கிடைமட்டக் கணக்கா, செங்குத்துக் கணக்கா என்று தயவுசெய்து எழுதிவையுங்கள். செங்குத்தில் 90 என்றால் 16:9 திரையில் கிடைமட்டமாக 121 ஆகிவிடும். எண்ணை மட்டும் போட்டுவிட்டால், வேறு கேமிலிருந்து வருபவர் தன் பழைய 90-ஐ வைத்துவிட்டு ஏன் எல்லாம் இப்படி இழுபடுகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார். குறி பார்க்கும்போதும் இதே கோணத்தைத் தொடரலாமா என்பதற்கு ஒரு தனித் தேர்வு இருந்தால் இன்னும் நல்லது. தலை ஆட்டத்தை நிறுத்த ஒரு சுவிட்ச்சும் வையுங்கள். இவற்றில் ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்லைடர் போதும்.

அடுத்த அப்டேட் வரும்வரை என் நாற்காலி சுவரோரத்தில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடிக்கு மேல் ஏற முடியாத ஓர் ஆட்டக்காரன்