பினாங்கு ஆலய நிர்வாகக் குழுக்களுக்குக் கடவுச்சொல் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு, வணக்கம்.

உண்டியல் சாவி யாரிடம் இருக்கிறது என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். ஆலய மின்னஞ்சலின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது? போன தவணைச் செயலாளரின் கைப்பேசியில் இருக்கலாம், புலனக் குழுவின் பழைய பதிவிலும் கிடக்கலாம். அந்த மின்னஞ்சல் ஒருவன் கையில் சிக்கினால் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதைத் தட்டியே அதோடு இணைந்த மற்றக் கணக்குகளையும் பிடித்துவிடுவான். தைப்பூச நேரத்தில் அன்னதான நன்கொடைக்குப் போட்ட கியூஆர் படத்தை மாற்றிப் போட ஒரு நிமிடம் போதும்.

சாமி பெயர், பின்னால் ஆண்டு, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி: உடைக்கும் மென்பொருள்கள் முதலில் முயல்வதே இந்த அச்சைத்தான். 'ஏ'வுக்குப் பதில் 'அட்' குறி போடுவதும் அவற்றுக்குத் தெரியும். அடையாள அட்டை எண் இன்னும் மோசம். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம், பினாங்கு என்றால் 07. மிஞ்சுவது 4 இலக்கம்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் விதியையும் கைவிடுங்கள். மாற்றச் சொன்னால் மனிதர் ஆண்டை மட்டும் மாற்றுவார். அமெரிக்கத் தரநிலை நிறுவனமே 2017இல் இந்தக் கட்டாயம் வேண்டாம் என்றது. கசிந்தால் மாற்றுங்கள், பொறுப்பு கைமாறினால் மாற்றுங்கள்.

புதிய கடவுச்சொல்லைப் பகடை தேர்ந்தெடுக்கட்டும். 36 தாள்களில் தாளுக்கு 36 எளிய தமிழ்ச் சொற்களை எழுதுங்கள், மொத்தம் 1,296. தாள்களுக்கும் சொற்களுக்கும் பகடையில் விழும் இலக்கங்களாலேயே 11 முதல் 16, 21 முதல் 26 என்று 66 வரை எண்ணிடுங்கள். முதல் இரண்டு உருட்டல் தாளைக் காட்டும், அடுத்த இரண்டு சொல்லைக் காட்டும். இப்படி 6 சொல் எடுங்கள். வினாடிக்கு நூறு கோடி முறை முயலும் கணினி 5 சொல்லை முழுதாக அலசச் சுமார் 42 நாள் போதும். ஆறாவது சொல் சேர்ந்தால் 150 ஆண்டு ஆகும். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மறுபடி உருட்டாதீர்கள், அங்கேதான் பலம் போகிறது. குறள் வரியும் தேவார வரியும் வேண்டாம், அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

பட்டியலில் 'ழ' வரும் சொற்களைத் தவிருங்கள். 'பழம்' என்பதை ஆங்கில எழுத்தில் ஒருவர் 'இசட் எச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். சொந்தக் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் மாட்டிக்கொள்வது இப்படியும்தான். தமிழ் எழுத்திலேயே தட்டுவதும் வம்பு. 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரு கருவி ஒரே குறியாகவும் இன்னொன்று இரண்டு குறியாகவும் அனுப்பக்கூடும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு.

நினைவில் நிற்க, குடை, நண்டு, ஊசி, பாய், கடலை, முரசு என்று வந்தால் குடைக்குள் நண்டு ஊசியால் பாய் தைப்பதாகத் தொடங்கி ஒரு காட்சி கட்டுங்கள். (இதையே வைத்துவிடாதீர்கள்!) முதல் வாரம் தாளைப் பார்க்காமல் தினமும் மூன்று முறை தட்டுங்கள். தாளைக் கிழிக்க வேண்டாம். உறையில் ஒட்டி, குறுக்கே இருவர் கையொப்பமிட்டு, இரும்புப் பெட்டியில் வையுங்கள். கணினித் திரையில் ஒட்டினால் மட்டுமே ஆபத்து.

முகநூல் பக்கத்துக்கென்று தனிக் கடவுச்சொல் கிடையாது. அதை நடத்த முழு அதிகாரம் ஐவருக்கு இருந்தால், அவர்களின் சொந்தக் கடவுச்சொற்களில் எது மிகத் தளர்வோ அதுவே ஆலயத்தின் பூட்டு. இருவர் போதும், ஒருவர் மட்டும் கூடாது. இருவரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு ஒரு குறியீட்டையும் கேட்பதை, கைப்பேசிச் செயலி வழியே போடட்டும். ஆலய மின்னஞ்சல் கூகுளில் இருந்தால் அதற்கும் இதைப் போட்டு, கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு அதே உறையில் சேருங்கள். கைப்பேசி தொலைந்த நாளில் அவைதான் கைகொடுக்கும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் புத்தகம் கைமாறும் அதே மேசையில் இந்த உறையும் கைமாற வேண்டும். புதியவர் அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றி, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதைத் தட்டட்டும். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் கூட்டம் கூட்டிப் பேசக் காத்திராமல் உடனே வங்கிக்கோ, தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணுக்கோ அழையுங்கள்.

அன்புடன்,
கணினிப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் பினாங்கு பக்தர்கள் சிலர்