பூட்டியது சரி, தேடுவது எப்படி?

பல்கலைக்கழக மைய லாகின் குழுவினருக்கு,

வணக்கம். பயனர் விவரங்களை என்கிரிப்ட் செய்ததில், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைத்ததில், எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்றிலிருந்து உதவி மையத் திரையில் தேடல் பெட்டி சும்மா இருக்கிறது. முன்பே எழுதியிருக்கிறோம், மறுபடியும் கேட்கிறோம்: மொபைல் எண்ணை வைத்துத் தேட வழி செய்யுங்கள்.

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள். பாஸ்வேர்டை மறந்த மாணவி ஒருவர் கவுன்டருக்கு வந்தார். பயனர் ஐடியும் நினைவில்லை. மொபைல் எண்ணைச் சொன்னார். அதை அடித்தால் "பயனர் இல்லை" என்று வருகிறது. பட்டியலைப் புரட்டலாம் என்றால், பெயர்கள் படிக்கும்படி தெரிந்தாலும் வரிசை சைஃபரின் (பூட்டிய பிறகு கிடைக்கும் புரியாத எழுத்துக் கோவையின்) வரிசை: யூசுப், அகிலா, அப்புறம் ஜான். கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்தது. மறுநாள் அபராதத்தோடு கட்டினார்.

இப்போது ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அட்மிஷன் பிரிவிலிருந்து வாங்கிய எக்செல் கோப்பை டெஸ்க்டாப்பில் வைத்துத் தேடுகிறார்கள். சர்வரில் ஏஇஎஸ்-256 என்ற பலமான என்கிரிப்ஷன், மேசையில் திறந்த எக்செல்! பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

ஒரே எண் ஒவ்வொரு முறையும் வேறு சைஃபராவதால் தேட முடியாது என்றீர்கள். உண்மைதான், அதற்குத்தானே பிளைண்ட் இண்டெக்ஸ் இருக்கிறது? எண்ணுக்கு ரகசியச் சாவியோடு ஹெச்மேக் (ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே மாதிரி வரும் அடையாளக் குறி) கணக்கிட்டுத் தனிப் புலத்தில் வையுங்கள். தேடும் எண்ணையும் அப்படியே மாற்றி ஒப்பிட்டால் போதும், எதையும் டிக்ரிப்ட் செய்து, அதாவது பூட்டைத் திறந்து, தேட வேண்டாம். அந்தச் சாவி என்கிரிப்ஷன் சாவியாக இருக்கக் கூடாது. +91, முன்னால் வரும் 0, இடைவெளி எல்லாவற்றையும் முதலில் நீக்கிவிடுங்கள். தயவுசெய்து சாவியில்லாமல் யாரும் கணக்கிடக்கூடிய குறியான வெறும் ஷா-256 வேண்டாம். 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தமே 400 கோடி. ஒரு கிராஃபிக்ஸ் கார்டு சில நொடிகளில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும்.

பாதிப் பெயரை வைத்துத் தேடுவது கடினம் என்று தெரியும், அதைக் கேட்கவில்லை. மொபைல், இமெயில் இரண்டில் எதை முழுதாக அடித்தாலும் ஆள் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். யார் யாரைத் தேடினார் என்பதும் பதிவாகட்டும்.

லாகின் பக்கத்தின் நிறத்தை மாற்ற நேரம் கிடைத்தது, லோகோவைச் சுழலவிடவும் கிடைத்தது. மன்னிக்கவும், அதைச் சொல்ல வரவில்லை. அடுத்த பருவத் தேர்வுப் பதிவுக்கு முன் மொபைல் எண் தேடலைத் தாருங்கள். எந்தத் தேதிக்கு வரும் என்றும் சொல்லுங்கள். அது வந்த அன்றே எக்செல் கோப்பை நாங்களே அழித்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உதவி மைய ஊழியர்கள்