விடையைத் தாளிலேயே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குழந்தைகளும் இணையமும் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி இருந்தது: ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கணினியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிறக்கும்போதே தெரிந்துகொண்டுதான் பிறக்கிறார்கள்.’ படித்து மூன்று நாளாகிறது, மனது ஆறவில்லை. நான் இருபத்தாறு வருடம் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது இது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பு முழுக்க உட்கார்ந்து ஒரு பக்கக் கட்டுரையைத் தட்டச்சு செய்தான். மறுநாள் வந்து, “மிஸ், காணோம்” என்றான். எங்கே சேமித்தாய் என்று கேட்டேன். “வேர்டுல.” சரி, எந்த ஃபோல்டரில்? “ஃபோல்டர்னா என்ன மிஸ்?” கைபேசியில் வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டும் சேர்த்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடும் பையன் அவன். கெட்டிக்காரன்தான். ஆனால் தான் எழுதியது எங்கே போய் இருக்கும் என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. இருவருமாகத் தேடினோம். வேறொரு வகுப்பின் ஃபோல்டருக்குள் ‘டாக்1’ என்ற பெயரில் கிடந்தது. கிடைத்த உடனே, நான் சொல்லாமலே, தன் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் போட்டுவைத்தான். அவன் பிறக்கும்போது தெரிந்துகொண்டு வந்ததில் இது இல்லை ஐயா.

கட்டுரையாளர் ‘டிஜிட்டல் நேட்டிவ்’ (கணினியோடும் இணையத்தோடும் வளர்ந்த தலைமுறை) என்ற பெயரைப் பலமுறை பயன்படுத்துகிறார். அது பரவியது 2001இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய கட்டுரையால் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அன்று அவர் சொன்ன மாணவர்கள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். 2001இல் என் மகள் ஏழாம் வகுப்பு. அவளும் ‘நேட்டிவ்’தான். அப்படியிருக்க, ‘பெற்றோருக்கு ஒன்றும் தெரியாததுதான் பிரச்சினை’ என்று அடுத்த பத்தியிலேயே அவளைத் திட்டுவது என்ன நியாயம்?

அவள் படும் பாட்டை நான் தினமும் பார்க்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்குள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வந்து நிற்கிறது. பாடத்தைப் பார்க்க எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்தே ஆக வேண்டும். “ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வெச்சிடறேன் பாட்டி” என்கிறான். அவன் பொய் சொல்வதில்லை. அந்த ஒன்று முடிந்த கையோடு அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் கணக்கில் இப்படித் தானாக ஓடும் அமைப்பு முதலிலேயே அணைந்திருக்கும்படி 2021இல் யூடியூப் மாற்றியது உண்மைதான். ஆனால் என் பேரன் பார்ப்பது அவன் அம்மாவின் கணக்கில். அங்கே பதிந்திருப்பது அவளுடைய பிறந்த ஆண்டு. எத்தனை வீடுகளில் இதுதான் நிலைமை! அந்த அமைப்பை எங்கே போய் அணைப்பது என்று கட்டுரை நான்கு வரி சொல்லியிருந்தால்கூட உபயோகமாக இருந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தது லோகோ. 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் கூட இருந்தவர்களும் பிள்ளைகளுக்கென்றே உருவாக்கிய கணினி நிரல் மொழி. திரையில் இருக்கும் ‘ஆமை’ நாம் கொடுக்கும் கட்டளைப்படி கோடு போட்டுக்கொண்டே நகரும். ‘ஃபார்வர்டு 100, ரைட் 90’ (100 அளவு முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு) என்று நான்கு முறை கொடுத்தால் ஆமை ஒரு சதுரம் போடும். முக்கோணம் போடுங்கள் என்றேன். எல்லோரும் 60 பாகை திருப்பினார்கள். மூன்று கோடு போட்டும் முக்கோணம் மூடவில்லை, பாதி அறுகோணமாக நின்றது. ஒரு சிறுமி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து தரையில் நடந்து பார்த்தாள். நான்கு எட்டு வைத்தாள், திரும்பினாள், நின்று யோசித்தாள். “மிஸ், ஆமை வெளிப்பக்கமாத்தானே திரும்புது? அப்ப 180ல 60 போக 120!” கணினியைத் தெரிந்துகொள்வது என்றால் எனக்கு இன்றும் அந்தப் பிள்ளை நடந்த நடைதான் ஞாபகம் வருகிறது. 2007இலிருந்து, பிள்ளைகள் கட்டளைத் துண்டுகளை அடுக்கியே நிரல் எழுதும் ஸ்கிராட்ச் இருக்கிறது, காசு கிடையாது. எத்தனை வீட்டில் திறந்து பார்த்திருப்பார்கள்? உங்கள் கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

இரண்டு வருடம் முன்பும் உங்களுக்கு எழுதினேன். சமூக ஊடகக் கணக்குக்கு 13 வயது என்ற எல்லை, பிள்ளைகளின் தகவலைத் திரட்டுவது பற்றி 1998இல் வந்த அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது, பதின்மூன்று வயதில் பக்குவம் வந்துவிடும் என்று யாரும் சான்று கொடுத்ததில்லை என்று விளக்கியிருந்தேன். நீங்கள் வெளியிட்டது மூன்று வரி. நான் சொல்ல வந்தது அதில் இல்லை. வருத்தப்பட்டேன், ஆனாலும் இதழை நிறுத்தவில்லை.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிறுவர் பக்கத்துக் குறுக்கெழுத்துக்கு விடை முன்பெல்லாம் அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக இருக்கும். சில மாதமாக அந்த இடத்தில் க்யூஆர் கோடு போடுகிறீர்கள். போன ஞாயிறு நானும் பேரனும் பென்சிலோடு உட்கார்ந்து முக்கால்வாசி முடித்துவிட்டோம். ஒரே ஒரு சொல் பிடிபடவில்லை. விடை பார்க்கக் கைபேசியை எடுத்தேன். விளம்பர வீடியோ ஒன்று ஓடியது, அப்புறம் விடை வந்தது. அதற்குள் அவன் கைபேசியை வாங்கிக்கொண்டான். பென்சிலை அன்று மறுபடி தொடவே இல்லை.

விடையைப் பழையபடி தாளிலேயே போடுங்கள். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியை